அட்வான்ஸ் கொடுத்த வீட்டில் அடுத்தவர் கட்டில்

அவர் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான். பாளையங்கோட்டை போகும் டவுன் பஸ்ஸின் சன்னலோரத்தில், ஆபீஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பார்த்தது அதைத்தான். வாதாமர நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில், கட்டிலில் சட்டையில்லாத முதுகு, அதைச் சாவகாசமாகச் சொறிகிற கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது என் வாதாமரம். என் நிழல். பத்திரம் இன்னும் முடியவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனியில் அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் எழுதியிருந்தேன். விற்கிறவர் ஏரல்காரர், பாத்திரக்கடை அண்ணாச்சி. ஆனி கடைசிக்குள் பத்திரம் முடிக்க வேண்டும். முடிந்த அன்றே வாடகைக்கு இருக்கிற அந்தக் கட்டில்காரர் காலி செய்துவிடுவார், சாவி என் கைக்கு வரும். கெடு தாண்டினால் வீடு போய்விடும். கேட்டு வைத்திருக்கிற ஆள் வேறு ஒருவர் இருந்தார்.

"எனக்கும் அவசரம், ஒமக்கும் அவசரம். பெறவு என்ன தாமசம்?" என்றார் அண்ணாச்சி.

தாமசம் என் வக்கீல். பழைய பத்திரங்களைப் படித்துப் பார்த்து, வில்லங்கம் ஒன்றுமில்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். அந்தத் தாள் இருந்தால்தான் ஆபீஸில் வீட்டுக் கடன் கிடைக்கும். கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் மாடியறை. சுவரோரம் சிவப்பு நாடா கட்டிய கட்டுகள், மின்விசிறிக் காற்றில் காது மட்டும் அசைத்துக்கொண்டு, படுத்திருக்கும் மாடுகள் மாதிரி. என்னுடைய கட்டு எது என்று எனக்குத் தெரியும். போகும்போதெல்லாம் அது ஒரு கட்டு கீழே போயிருக்கும்.

"சார், இருபது நாளாச்சு."

"பத்திரம் என்ன பஞ்சாங்கமா வே, பொரட்டிட்டு மூடி வைக்க? அம்பது வருஷத்துச் சங்கதி கெடக்கு. பைய வரும்."

பிறகு மூலப் பத்திரத்தின் நகல் வரவில்லை என்றார். நகல் வந்ததும் அதில் ஒரு கையெழுத்து யாருடையது என்று விசாரிக்க வேண்டும் என்றார். விசாரித்து முடிவதற்குள் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை விட்டாயிற்று. பூட்டிய கதவின் முன்னால் நின்று, உள்ளே ஓடாத மின்விசிறியைக்கூட நான் திட்டியிருக்கிறேன்.

சித்திரை போனது. வைகாசி போனது. அந்த முதுகு அங்கேயே இருந்தது.

அவர் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர். குடுவை கழுவுகிற வேலை என்று இளக்காரமாக விசாரித்து வைத்திருந்தேன். நாலரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் கிணற்றில் இரண்டு வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்வார். ராட்டினம் கிரீச்சிடும் சத்தம் ரோடு வரை கேட்கும். டவுனில் நான் குடியிருந்த வாடகை வீட்டில் குழாயடியில் வரிசை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, அந்தத் தெரு வழியாக நடந்து, அவர் குளிப்பதைக் காதால் குடித்துக்கொண்டே போவேன். அவர் மனைவி மொட்டைமாடியில் கூழ்வற்றல் பிழிந்து காயவைத்திருப்பாள். என் மாடியின் வெயிலை அவள் வற்றலுக்குள் போட்டுச் சேமிக்கிறாள் என்று தோன்றும். மேற்கே மலையில் மழை விழுந்து வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஒரு நாள் சாரல் இங்கே வரைக்கும் வந்தது. அந்த வீட்டில் யாரோ ஓடிவந்து சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். எந்தச் சன்னல் கொஞ்சம் இழுத்துச் சாத்தினால்தான் கொண்டியில் விழும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் அடைந்த பொறாமையை என் ஆயுளில் வேறு யார் மேலும் அடைந்ததில்லை.

"கலியாணம் பேசி வச்ச பொண்ணு வீட்டத் தெனமும் சுத்துத மாப்பிள்ளை மாதிரியில்லா இருக்கு" என்று என் மனைவி சிரித்தாள்.

"அந்தப் பொண்ணு கூட இன்னொருத்தன் குடியிருக்கானே."

"நல்லா வருது வாயில. போயி சாப்பிடுங்க."

அவர் என்னைத் தேடி டவுன் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தார். வெளி நடையில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே எனக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது. காலி செய்யக் காசு கேட்பார், இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் கேட்பார். "இல்லைன்னு சொல்லு" என்றேன் மனைவியிடம். முதல் தடவை அவள் சொன்னாள். இரண்டாம் தடவை, "ஒங்க பொய்க்கு என் நாக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்ச் சொன்னாள். அடுக்களைக்குள் நான் நின்றிருந்தேன், புளிப்பானைக்குப் பக்கத்தில்.

கெடு முடியப் பத்து நாள் இருந்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று என்று வக்கீல் மாடிக்கு ஏறினேன்.

"கட்டக் குடுத்திருங்க சார். வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்த தாள். தேதியைப் பார்த்தேன். பதினெட்டு நாள் பழசு.

"இத வச்சிக்கிட்டா என்ன அலைய விட்டீங்க?"

"ஒம்ம கெடுவ நான் மறக்கல வே. ஒரு வாரத்துல எல்லாம் முடிச்சிரலாம். அந்த லேப்காரன் ஒம்மள ரெண்டு மட்டம் தேடி வந்தானே, எதுக்குன்னு கேட்டீரா?"

நான் தாளின் தேதியையே மறுபடி பார்த்தேன்.

"அவன் மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா. நாள் நெருங்கிட்டு. வயித்துப்பிள்ளைக்காரிய வச்சிக்கிட்டு வீடு மாத்தப்படாதுன்னு அவம் பொண்டாட்டி அழுதுருக்கா. நீரு மொகங்குடுக்கல. எங்கிட்ட வந்து நின்னான்."

"நான் ஒங்க கட்சிக்காரன் சார்."

"ஆமா. அதான் இந்தா, எடுத்துக்கிடும். பத்திரத்த முடியும். ஆனா சாவிய நீரே போயிக் கேட்டு வாங்கும். எனக்கு அந்த வேல வேண்டாம்."

வெட்கப்பட்டேன் என்று எழுதலாம். படவில்லை. படிகளில் இறங்கும்போது எனக்கு வந்தது இன்னொரு பொறாமைதான். என் வக்கீல் மனசில்கூட அவர் எனக்கு முன்னால் குடியேறிவிட்டார்.

ஒரு வாரத்தில் கடன் வந்தது. கெடுவுக்குள்ளேயே பதிவு அலுவலகத்தில் விரலில் மை பூசி, அழுத்தி, துணியில் துடைத்துக்கொண்டோம். "சொல்லி வச்சிருக்கேன், போயி வாங்கிக்கிடும்" என்று ஏரல் அண்ணாச்சி பஸ் ஏறினார். நானும் மனைவியும் நேராக அந்த வீட்டுக்குப் போனோம். சொந்தக்காரனாக முதல் தடவை கேட்டைத் திறந்தேன். கேட் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும் போல. உள்ளேயிருந்து, "தூக்கித் தள்ளுங்க மாமா" என்று குரல் வந்தது.

அந்தப் பெண் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். மூச்சு வாங்கியது. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பின்னால் அவளுடைய அப்பா சட்டையின் பொத்தானை அவசரமாகப் போட்டுக்கொண்டு வந்தார். சட்டையோடு அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்ன மனிதராக இருந்தார். கையில் சாவிக்கொத்து. நீட்டினார்.

நான் கையை நீட்டினேன். அதுதான் நடந்தது.

என் மனைவி என் கையைத் தாண்டி அவரிடம் சொன்னாள்: "அது ஒங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. பிள்ளை பெறந்து, தீட்டெல்லாம் கழிஞ்சி, பைய மாறிக்கிடலாம். ஆடி வேற பெறக்கப் போகு. ஆடில யாரு பால் காய்ச்சுவா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலுக்குப் பெருந்தன்மை என்று பேர் வைத்து அவர் பல பேரிடம் சொல்லியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அது அவளுடையது. அவ்வளவு சுலபமாக அவளால் அதைச் சொல்ல முடிந்ததே என்று, திரும்பிவரும் பஸ்ஸில் அவளோடும் நான் பேசவில்லை.

ஆனியின் கடைசி வாரத்தில் பெண்குழந்தை பிறந்தது. ஆடி நடுவில் பேர் விடுகிற விசேஷத்துக்கு அழைத்தார்கள். போனோம். கூடத்தில் பாய் விரித்திருந்தது. வெள்ளைச் சட்டையில் அவர் வாசல் வரை ஓடிவந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

"வாங்க சார், வாங்க. இப்படி ஃபேனுக்குக் கீழ இரிங்க. கூச்சப்படாதீங்க, நம்ம வீடு மாதிரி நெனச்சிக்கிடுங்க."

என் மனைவி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அவருக்கு அது விளங்கவே இல்லை. காப்பியும் கேசரியும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

கூடத்து விட்டத்தில் புதிதாக ஒரு இரும்புக் கொக்கி அடித்திருந்தார்கள். என்னைக் கேட்கவில்லை. அதில் பழைய நூல்சேலைத் தொட்டில் தொங்கியது. குழந்தையின் காதில் பேரை மூன்று தடவை சொன்னார்கள். என் மனைவி குழந்தையை வாங்கித் தொட்டிலில் கிடத்தினாள். ஆட்டி விடச் சொல்லி அந்தப் பெண் கயிற்றை என்னிடம் தந்தாள். ஆட்டினேன். வாதாமரத்துக் காற்று சன்னல் வழியாக வந்தது. விலை கொடுத்து, முத்திரை வைத்து, விரலில் மை பூசி வாங்கிய அந்த வீட்டில் நான் இன்னும் ஒரு மத்தியானம்கூடக் கண்ணசந்ததில்லை. பதினேழு நாள் வயசான அது, என் கை ஆட்ட ஆட்ட, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிப்போனது.