கடைசி ரூமுக்குப் போகாமல் மூடிய கம்ப்ளெயின்ட்

வீட்டு வைஃபை கம்ப்ளெயின்ட் வந்தால் நாலு மணி நேரத்துக்குள் மூட வேண்டும் என்பது எங்கள் கம்பெனிச் சட்டம். மூடுவதற்குக் கஸ்டமர் போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதைக் கேட்டு வாங்கி அடித்தால்தான் வேலை முடிந்ததாகக் காட்டும். பெருந்துறை வட்டாரத்தில் என்னைவிட வேகமாக ஓடிபி வாங்குகிறவன் கிடையாது என்று எனக்கு ஒரு கெத்து இருந்தது. ரவுட்டர் பக்கத்தில் நின்று என் போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுவேன், "ஃபுல் ஸ்பீடு வருதுங்க" என்று காட்டுவேன், அவ்வளவுதான். நம் ஊர்க்காரர்களும் வந்தவனை நிறுத்திவைத்துச் சண்டை போடத் தெரியாதவர்கள். நம்பரையும் சொல்லி, மோரையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் ஜம்பக் கதைகளைத்தான் கேட்கிறார்கள். நான் செய்த தப்பு ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

குழந்தைசாமி அண்ணன் வீடு சென்னிமலை ரோட்டில் இருந்தது. ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்தவர். மண்டிக்குள் அவர் வருவதற்கு முன்னால் அவர் குரல் வந்துவிடும் என்பார்கள். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. கை கால் ஓரளவு தேறிவிட்டது. மனசில் வார்த்தை இருக்கும், வாயில் வராது. கோயமுத்தூரிலிருந்து பேச்சுப் பயிற்சி தரும் மேடம் ஒருவர் வாரத்துக்கு மூன்று நாள் டேப்லெட்டில் வீடியோவில் வந்து சொல்லிக்கொடுத்தார். முதல் ஆறு மாசத்தில் எவ்வளவு பேச வைக்கிறோமோ அதுதான் கைமுதல் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதையெல்லாம் அவர் மனைவி தனலட்சுமி அக்கா நான் போன முதல் நாளே என்னிடம் சொன்னார். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அண்ணன் ஹாலில் உட்கார்ந்து பயிற்சி செய்யமாட்டார். தான் குழறுவது வருகிறவர் போகிறவர் காதில் விழக்கூடாது என்று வீட்டின் கடைசி ரூமில் கதவைச் சாத்திக்கொள்வார். ஹாலில் இருந்த ரவுட்டரின் சிக்னல் அங்கே எட்டவில்லை என்றுதான் அன்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என் பையில் கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்து, ஹாலிலிருந்து கேபிள் இழுத்து அந்த ரூமில் மாட்டினேன். ஹால் ரவுட்டரின் பேரையும் பாஸ்வேர்டையுமே அதற்கும் வைத்தேன். டேப்லெட்டில் சிக்னல் கோடு நிறைந்து நின்றது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

பத்து நாளில் கம்ப்ளெயின்ட் வந்தது. சிக்னல் ஃபுல்லாகக் காட்டுகிறது, ஆனால் வகுப்பு நடுவில் படம் நின்றுவிடுகிறது, ஆஃப் செய்து போட்டால் சில சமயம் வருகிறது, சில சமயம் வருவதேயில்லை என்றார் அக்கா. அன்று எனக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி. ஹாலில் நின்றபடியே டெஸ்ட் ஓட்டினேன். ஜம்மென்று வந்தது.

அக்கா தயங்கினார். "ஏனுங் தம்பி, அந்த ரூம்ல ஒருக்கா பாத்துப்போட்டுப் போறீங்களா?"

"லைன் பக்காவா இருக்குதுங்க்கா. அண்ணனுக்குத்தான் டேப்லெட் பாக்கத் தெரியலீங்க. எதையாச்சும் தொட்டுப்போடுவாரு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். அண்ணன் ரூம் வாசலில் நின்றிருந்தார். பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், தலையை ஆட்டினார், உள்ளே போய்விட்டார். அக்கா ஓடிபி சொன்னார். உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டோம் என்று வேறு சொன்னார்.

அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து கம்ப்ளெயின்ட் வரவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன் என்று எழுதலாம். உண்மையில் நான் அவர்களை நினைக்கவேயில்லை.

நாலு மாசம் கழித்து ஒரு இடி மழையில் ஹால் ரவுட்டர் போய்விட்டது. புதுசு மாட்டப் போனேன். மாட்டி முடித்து என் போனைச் சேர்த்தேன். கோடு நிறைய இருக்கிறது, நெட் இல்லை. போனின் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். அதில் இருந்தது புது ரவுட்டர் கொடுத்த அட்ரஸ் இல்லை. கடைசி ரூமில் நான் மாட்டிய பழைய ரவுட்டர் கொடுத்தது.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டிலுள்ள ஒவ்வொரு போனுக்கும் அட்ரஸ் கொடுத்து நெட்டுக்கு வழி சொல்வது ரவுட்டரின் வேலை. டி.எச்.சி.பி. என்போம். வீட்டுக்கு ஒரு ரவுட்டர்தான் அதைச் செய்யலாம். இரண்டாவதாக மாட்டுவதில் அதை ஆஃப் செய்துவிட வேண்டும். செய்யாவிட்டால் இரண்டும் வழி சொல்லும், எது முந்திச் சொல்கிறதோ அதன் பேச்சைத்தான் போன் கேட்கும். பழைய ரவுட்டருக்கோ நெட்டுக்குப் போகிற வழியே தெரியாது. டேப்லெட் கழன்று மறுபடி சேரும்போதெல்லாம் இந்தக் குழப்பம்தான் நடந்திருக்கிறது. அந்தப் பழைய ரவுட்டரின் செட்டிங்கில் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது. மாட்டின அன்று நான் அதை எடுக்கவில்லை. அக்கா கூப்பிட்ட அன்று அந்த ரூமுக்குப் போயிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

டிக்கை எடுத்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணனுக்கு வகுப்பெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். நான் வந்துபோன வாரமே அவர் வகுப்பை நிறுத்திவிட்டாராம். மேடம் முகம் அப்படியே நின்று, குரல் வெட்டி வெட்டிக் கேட்கும்போது, தனக்குத்தான் மண்டையில் இன்னும் ஏதோ கெட்டுப்போகிறது என்று நினைத்துவிட்டாராம். டேப்லெட்டை நீட்டினால் தலையைத் தொட்டுக் காட்டிக் கையை விரிப்பாராம். சிக்னல் கோளாறு என்று அக்கா எவ்வளவோ சொல்லியும் அவர் நம்பவில்லை. லைன்காரனே வந்து லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டானே.

நேரே கடைசி ரூமுக்குப் போனேன், அக்காவும் பின்னாலேயே வந்தார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரில் நின்று சொன்னேன்.

"அண்ணா, கோளாறு உங்ககிட்ட இல்லீங்க. நான் மாட்டுன பொட்டில இருந்துதுங்க. வந்து பாக்காமயே உங்க மேல பழியப் போட்டுட்டுப் போயிட்டேனுங்க."

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். தன் தலையைத் தொட்டு, இல்லையா என்பது போல விரலை ஆட்டினார். இல்லை என்று அக்கா தலையாட்டினார். அவர் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

வகுப்பு மறுபடி ஆரம்பித்தது. மேடத்திடம் நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. இனியும் பேச்சு வரும், ஆனால் அந்த நாலு மாசத்தில் வந்திருக்க வேண்டியது இனி மெதுவாகத்தான் வரும் என்றார்.

இப்போதெல்லாம் ஆள் எந்த இடத்தில் உட்காருவாரோ அங்கே போய், அவர் போனிலேயே, அவர் பார்க்கிற வேலையைப் பார்க்கச் சொல்லிக் கூடவே உட்காருகிறேன். பரவாயில்லைங்க என்று யாராவது சொன்னால் இன்னொரு தடவை பார்க்கிறேன். கம்ப்ளெயின்ட் மூட லேட்டாகிறது என்று மேனேஜர் கத்துவார், கத்தட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

போன வாரம் அக்கா போன் செய்தார். அன்று காலையில் அண்ணன் அவரை "தனம்" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். பக்கவாதம் வந்த பிறகு முதல் தடவை. அக்கா சந்தோஷத்தில் அதையே இரண்டு தடவை சொன்னார். "நீங்க வந்து சரி பண்ணிக் குடுத்ததாலதானுங் தம்பி" என்றார். எனக்கு நன்றி சொல்வதற்காகவே கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பேரை நீங்கள் எப்போதோ கேட்டிருக்க வேண்டியது அக்கா என்று சொல்ல நினைத்தேன். "சரிங்க்கா" என்று மட்டும் சொன்னேன்.