போக ஒன்றரை, வர ஆறரை

பிரிக்பீல்ட்ஸில் டிராவல் ஏஜென்ட் தட்டித் தந்த பயணத் தாளை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் குழம்பியவன் நான். சுபாங் விமான நிலையத்தில் கிளம்பும் மணிக்கும் சென்னையில் இறங்கும் மணிக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம். திரும்பி வர ஆறரை. ஊருக்குப் போகிற அவசரம் விமானத்துக்கும் உண்டு போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். மனசு கேட்காமல் மறுநாள் போய்க் கவுண்டரில் இருந்த சீனப் பெண்ணிடம் விசாரித்தேன். "ஃபோர் அவர்ஸ், லா." திரும்பி வர? "சேம், லா." எங்கள் ஊரில் எந்த மொழி பேசினாலும் கடைசியில் ஒரு லா ஒட்டிக்கொள்ளும். தாளில் விரலை வைத்து மூன்றாம் தடவை கேட்டதும், விமானம் ஏறவே நான் நடுங்குகிறேன் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். "டோன்ட் வொரி, அங்கிள்" என்று ஒரு புளிப்பு மிட்டாய் எடுத்துத் தந்தாள். அப்போது எனக்கு வயது முப்பது.

கிள்ளானில் எங்கள் ஜவுளிக்கடை முதலாளிதான் விளக்கினார். "அங்க மணி நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி லா. எப்படிப் போனாலும் நாலு மணி நேரம்தான். இந்தக் கணக்கோடவா என் கல்லாவுல உக்காந்திருக்கே?"

நான் போனது, விசா கிடைத்த என் மனைவி செல்வியை அழைத்துவர. மாமனார் மணப்பாறைப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாடு முழுவதும் ஒரே மணி என்று வண்டி விட்டவர். தாளை வாங்கிப் படித்தார்.

"போக ஒன்றரை, வர ஆறரைன்னா எதையோ மறைக்கிறான் மாப்ளே. கடல் மேல ஆயிரத்துச் சொச்சம் மைல், நடுவுல ஒரு ஸ்டேஷன் கிடையாது. என் பொண்ண இதுல ஏத்த மாட்டேன்."

டார்ச் லைட்டைச் சூரியனாகவும் எலுமிச்சம்பழத்தைப் பூமியாகவும் வைத்து விளக்கினேன்.

"அப்ப உங்க ஊருக்குச் சூரியன் பிஃபோர் டைம்ல வந்துருதாக்கும்?" என்றார். மாமியார் வந்து பூமியைச் சாதத்துக்குப் பிழிய எடுத்துக்கொண்டு போனார்.

செல்வி இல்லாமல் விமானம் ஏறுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். லீவு இன்னும் நான்கு நாள்தான், ஆகவே வைராக்கியத்துக்கும் நான்கு நாள்தான் ஆயுள். என்னை நம்பிப் பயனில்லை என்று செல்விக்குத் தெரிந்துவிட்டது.

"ஆறரையாவே இருக்கட்டும்பா. இங்கேருந்து மெட்ராஸ் போக ராத்திரி பூரா ஆகுது. அதுல என்னைத் தனியா அனுப்புனீங்கல்ல?"

"அது நம்ம வண்டிம்மா."

"இது என் வீட்டுக்குப் போற வண்டி."

மாமனார் எழுந்து பெட்டிக்குக் கயிறு தேடப் போனார். மீனம்பாக்கத்தில், விமானம் கால் மணி நேரம் தாமதம் என்று அறிவித்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. இதுவும் ஒழுங்கான வண்டிதான் என்று நம்பிக்கை வந்துவிட்டது.

இப்போது பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறோம். சுபாங் விமானங்கள் எங்கள் துணிக்கொடிக்கு மேலேதான் போகும், வரும். ரயில்வேக்காரர்களுக்குத் தலைமை நிலையத்தை நோக்கிப் போகிற வண்டி 'அப்', விலகிப் போவது 'டவுன்'. வந்த புதிதில், அப்பா ஊர் இருக்கும் மேற்கே போகிற விமானத்தையெல்லாம் செல்வி 'அப்' என்பாள், இறங்குவதெல்லாம் 'டவுன்'. நேற்று துணி எடுக்கும்போது ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது. "இது எந்த வண்டி?" என்று சீண்டினேன்.

புள்ளியாகும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்" என்றாள். பின்னாலேயே ஒன்று இறங்கி வந்தது. அதையும் பார்த்தாள்.

"இதுவும் அப்தான் லா."