விலாவைச் சுற்றிய தோர்த்துகள்

மக்களே, மூத்தவள் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பு நான் மூச்சு விடப் பயந்தே சாகப் பார்த்தேன். அதை எழுதி வைக்கிறேன். உடம்பைப்பற்றி நான் கொஞ்சம் படித்துக்கொண்டதும் அப்போதுதான்.

நம்முடைய ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் ஊர்வலமும் மறியலுமாக இருந்த காலம். நானும் போனேன். லத்தியோடு போலீஸ் வந்ததும் சிதறி ஓடினோம். ஒரு தோட்டத்து மண்மதிலில் ஏறி மறுபக்கம் சாடினேன். அங்கே கிடந்த கல்லில் வலது விலா இடித்தது. போலீசிடம் அடி வாங்கினவன் என்று பேர் பரவி, ஆள்கள் பார்க்க வந்தார்கள். உங்கள் அம்மை மட்டும் வந்தவர்களிடம் எல்லாம் கல்லின் கதையையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பேச்சு. அதனால் விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து வர்மம் பார்க்கும் ஆசான் வந்தார். எண்ணெய் தடவி, கமுகம்பாளையை வளைத்து வைத்து, மேலே துணியால் கட்டினார். நாள்தோறும் வந்து தளர்த்திக் கட்டுவேன் என்று சொல்லிப் போனார். மறுநாளே போலீசார் சாலையில் ஆளை நிறுத்தி விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவரால் வர முடியவில்லை.

ஆசான் போட்ட கட்டை இன்னொருவர் அவிழ்க்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அவிழ்க்கத்தானே கூடாது, இறுக்கலாம் என்று என் தம்பி கண்டுபிடித்தான். கட்டு நெகிழ்ந்தது போலத் தோன்றும்போதெல்லாம் இன்னொரு தோர்த்துத் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டான். எனக்கும் அது நல்லதாகவே பட்டது. எலும்பு அசைந்தால் நெஞ்சில் குத்திவிடும் என்று நினைத்திருந்தேன். மூச்சைக்கூட மிடறு மிடறாகத்தான் இழுத்தேன். இருமல் வந்தால் பல்லைக் கடித்து அடக்கினேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. நெஞ்சில் கபம் கட்டி, பேசினாலே இளைத்தது. எட்டு மாத வயிற்றோடு அம்மை போய், சபையில் பாட்டுப் பாடும் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பஸ் ஓடாததால் வீட்டில் இருந்தாள்.

கட்டைத் தொட்டதும் அவள் முகம் மாறியது. அவிழ்க்க வேண்டும் என்றாள். ஆசான் கட்டாக்கும், தொடக் கூடாது என்று தம்பி குறுக்கே நின்றான்.

"ஆசான் கட்டினது அடியிலே இருக்கு அண்ணா. மேலே இருக்கதெல்லாம் உங்க தோர்த்தாக்கும்."

தம்பி தன் தோர்த்துகளைத் தானே அவிழ்த்தான். ஆசான் வந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார் என்று சொல்லி, மிச்சத்தை அவள் தளர்த்தினாள். இனி ஆழமாக மூச்சு இழுத்து இருமுங்க என்றாள். எனக்கு வய்யா, முடியாது என்றேன்.

அந்தப் பெண் உங்கள் அம்மையைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்தாள். என் கையை எடுத்து அம்மையின் விலாவில் வைத்தாள். தம்பி வெட்கப்பட்டு முற்றத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அம்மை மூச்சு இழுத்தாள். விலா எலும்புகள் என் கைக்குக் கீழே பக்கவாட்டில் விரிந்து எழும்பி, மறுபடி அடங்கின. கிணற்று வாளியின் கைப்பிடியைத் தூக்கினால் எப்படி எழும்பும், அப்படி.

நெஞ்சுக்கூடு பூட்டின பெட்டி என்று நினைத்திருந்தவன் நான். முதுகெலும்பும் ஒரே கம்பு என்றுதான் நினைப்பு. அது சின்னச் சின்ன எலும்புகளின் அடுக்கு, இடையிடையே மெத்தை போல ஒன்று உண்டு என்றாள் அவள். கழுத்துப் பக்கத்து எலும்புகள் நன்றாகத் திரும்பும். இடுப்புப் பக்கத்தவை குனிய, நிமிர உதவும். நடுவில் உள்ள பன்னிரண்டிலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விலா எலும்பு கொளுவி நிற்கும். கடைசி இரண்டு ஜோடி முன்னால் எதிலும் சேராது. ஒன்று முறிந்தாலும் மேலும் கீழும் உள்ளவை அதைத் தாங்கிக்கொள்ளும், மூச்சோடு அசைந்துகொண்டேதான் அது கூடும். அசையாமல் கட்டிப் போட்டால் நுரையீரலின் அடிப்பக்கம் விரியாது, அங்கே கபம் தங்கும். அதுதான் ஆளைக் கொல்லும்.

தலையணையை வலது விலாவோடு சேர்த்து அணைத்துப் பிடிக்கச் சொன்னாள். அம்மையும் மேலே கை வைத்து அமுக்கினாள். இருமினேன். கண் இருட்டியது. ஆனால் எலும்பு எங்கும் குத்தவில்லை.

"இனியும் ஒருக்கா," என்றாள் அம்மை.

மூன்றாவது இருமலில் கபம் கட்டியாக வெளியே வந்தது. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து மெல்ல இடமும் வலமும் திரும்பிப் பழகினேன். தம்பி பின்னால் நின்று விரல்களைக் காட்டி, எத்தனை என்று கேட்பான். நான் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மைக்கு வலி கண்ட அன்று நான்தான் ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கூட்டி வந்தேன். வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. நெஞ்சு நிறைய வாங்கியது.