காதல் பாட்டின் நடுவே ஒரு பூசை மணி

ஒலியாகவும், ஒலி ஓய்ந்தபின் நிற்கும் அமைதியாகவும் விளங்கும் ஐங்கரன் திருவடி போற்றி. கார்த்திகைச் சோமவாரமும் பிரதோஷமும் கூடிய இந்நன்னாளில், ஒரு காதல் பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஐயன் பொறுத்தருள வேண்டும்.

நேற்று திகாம் பத்து ஊரில் பீசாங் கோரேங் என்னும் வாழைப்பழப் பஜ்ஜி வாங்க நின்றேன். கடைக்காரர் கைப்பேசியில் பழைய பாட்டொன்று ஓடிற்று. நடுவே கோயில் மணி ஒலித்ததும், எனக்கு முன் நின்றவர் பொட்டலத்தை இடக்கைக்கு மாற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்புத் தாளவில்லை. அந்த மணியை அடித்தவன் நான்.

கொதிக்கும் எண்ணெயின் மணத்தில், சூடேறிய ஆர்கன் பெட்டியும் கற்பூரமும் கலந்த வேறொரு மணம் எழுந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன், கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் சின்னக் கிராணி. பகலில் ஆபீஸ் கணக்கு, மாலையில் கோயிலில் பதிகமும் மணியும். அங்கேயே வளர்ந்த செல்வம் 'கறுப்புக் கண்ணாடி' என்னும் இசைக்குழுவின் தலைவன். ஆள் நால்வர், கண்ணாடி நான்கு, தானாகவே தாளம் போடும் பெட்டி ஒன்று. 'நியூ வேவ்' என்றார்கள். அவர்களுடைய தலைமுடியின் பெயர் அது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

முதல் கேசட்டுக்கு ஒரே ஒரு பாட்டு மிச்சம். சுங்கைப் பட்டாணி கேசட் கடைக்காரர் மறுநாள் காலை நாடாவைக் கோலாலம்பூருக்கு எடுத்துச் செல்வதாக ஏற்பாடு. தவறினால் செல்வம் ஜொகூர் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். அவன் அப்பா பஸ் டிக்கெட்டும் வாங்கிவிட்டார். தோட்டத்து ஜெனரேட்டரோ மாலை ஆறு மணிக்குத்தான் ஓடும். பதிவுக் கருவி கொண்டுவந்த பினாங்குக்காரருக்கு ஏழு மணிக்கு பஸ். இடமோ கோயில் மண்டபம், ஆறரைக்குப் பூசை.

"அண்ணே, ஒரு பத்து நிமிசம் லேட்டா அடிங்க லா. சாமி கோவிச்சுக்காது."

"சாமி கோவிச்சுக்காது தம்பி. நான் கோவிச்சுக்குவேன்."

அவன் உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தபோது அடித்தேன். ஒருமுறையல்ல, பூசை முடியும்வரை. பினாங்குக்காரர் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: "அடுத்த வாட்டி சாமியையும் பேண்டுல சேத்துக்குங்க." வேறு வழியின்றி நாடா அப்படியே போயிற்று.

பிறகு நடந்ததை எந்த வியாபாரியும் கணித்திருக்க மாட்டான். கோலா கெடா முதல் கூலிம் வரை எல்லாப் பசார் மாலாம் இரவுச் சந்தைகளிலும் அந்தக் கேசட்டே. காதல் பாட்டென்றால் ரேடியோவை அணைக்கப் பாயும் பெற்றோர், மணி கேட்டதும் கை கூப்பி நின்றுவிட்டார்கள். மணி ஓயும்போது பல்லவி வந்துவிடும். அது மனத்தில் ஒட்டிவிடும். செல்வத்தின் அப்பாவே மனைவியிடம் புலம்பினாராம்: "பூசை நடக்குதடி, எப்படி நிப்பாட்டுறது?" ஜொகூர் பஸ் அவனில்லாமலே போயிற்று.

அண்ணன் மணியால்தான் கேசட் ஓடியது என்று செல்வம் ஊரெல்லாம் சொன்னான். நானும் அடக்கமாகத் தலையாட்டினேன். அந்த அடக்கத்தில்தான் சூது இருந்தது. அன்று நான் மணியடிக்கத் தொடங்கியபோது ஆறரை ஆக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. பூசாரி வேட்டிகூடக் கட்டி முடிக்கவில்லை. வெள்ளிதோறும் என் பதிகத்துக்கு நான்கு பேர். அவன் ஒத்திகைக்கு லயத்து வீடுகள் அத்தனையும் திரண்டன. மணியை அடித்தது பக்தியன்று, பொறாமை.

சென்ற ஆண்டு அவன் வீட்டுக்குப் போய் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். செல்வம் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"தெரியும்ணே. என் கையிலயும் வாட்ச் இருந்துச்சுல."

"அப்பவே ஏன்டா கேக்கல?"

"கேட்டா நீங்க பதிகத்த விட்டுருப்பீங்க. நாலு பேருல எங்கம்மாவும் ஒருத்தவங்க லா."

தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. மண்டபத்தை இடித்தாயிற்று. கேசட் கடைக்காரரும் இல்லை, செல்வத்தின் அம்மாவும் இல்லை. நாற்பது ஆண்டு தூக்கித் திரிந்த சூது மட்டும் ஒரு குவளைத் தேநீருக்குள் கரைந்துபோனது. இதை வாசிப்போர் எல்லோருக்கும், தவறைத் தெரிந்தும் தேநீர் ஊற்றித் தரும் ஒரு நண்பனை இறைவன் அருள்வானாக.