அடுத்தவர் பேரில் வேண்டுதல்

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் பள்ளி வேன் ஓட்டும் புஷ்பவல்லிக்குப் பிள்ளைகளிடம் ஒரு குரல், சாமியிடம் ஒரு குரல் என்று கிடையாது. வேன் கதவை இழுத்துச் சாத்தச் சொல்லும் அதே தொனியில்தான் மாரியம்மனிடமும், "இந்தா பாரும்மா, இத நீதான் முடிச்சுக் குடுக்கணும்" என்பாள். ஐம்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருடமாக அதே பாதை, அதே பள்ளிக்கூடங்கள். வேன் மட்டும் மூன்றாவது. வீட்டு வாசலில் இரண்டு ஹார்ன் அடிப்பாள், பிள்ளை வெளியே வராவிட்டால் போய்க்கொண்டே இருப்பாள். யார் சொல்லியும் அவள் இதை மாற்றிக்கொண்டதில்லை.

ஜூன் மாதத்து மழைக்காலை ஒன்றில் அடுத்த தெரு மாதவி வீட்டு வாசலிலும் இரண்டு ஹார்ன் அடித்தாள். மாதவியின் மகள் ஷாமினி, பதினாறு வயது, நான்காம் படிவம், வரவில்லை. வேன் கிளம்பிவிட்டது. கால் மணி நேரம் கழித்து ஷாமினி தன் அத்தை மகன் பிரவினின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனாள். ஈரச் சாலையில் மோட்டார் சறுக்கி, திரும்பிக்கொண்டிருந்த கண்டெய்னர் லோரியின் பக்கவாட்டில் போய் மோதியது. பிரவினுக்கு மணிக்கட்டு முறிந்தது. ஷாமினிக்கு வலது தொடை எலும்பு போயிற்று. ஹெல்மெட்டின் வாரைப் பூட்டியிருக்கவில்லை, அது கழன்று விழுந்து தலையிலும் பலத்த அடி. மதியத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தது. நினைவு திரும்பவில்லை.

செய்தி கேட்டதும் புஷ்பவல்லி வேனை ஓரமாக நிறுத்தினாள். பிறகு நேராகக் கோயிலுக்குப் போனாள். அன்று ஆரம்பித்தவள்தான்.

வேண்டுதல் என்றால் நம் ஆட்கள் தங்களால் முடிந்ததைச் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். புஷ்பவல்லி மற்றவர்களால் முடிந்ததைச் சொல்லி வேண்டிக்கொண்டாள். ஷாமினியின் அப்பா ரெங்கசாமி துறைமுக வாசலில் காவல் வேலை பார்ப்பவர். அவருடைய மீசை அந்த வட்டாரத்தில் பிரசித்தம். அந்த மீசையை அம்மனுக்கு எழுதி வைத்தாயிற்று. அது அவருக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பிள்ளை கிடக்கும் நிலையில் மனுஷன் மறுத்தா பேசுவார்? மீசையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

புஷ்பவல்லியின் கணவர் பக்கிரிசாமிக்கு இன்னும் மோசம். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், வாயில்லாப் பூச்சி. வாழ்க்கையில் அவர் வாய்விட்டுக் கேட்டது டுரியான் பழம் ஒன்றைத்தான். பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

"ஷாமினி எழுந்து நடக்கற வரைக்கும் நீங்க டுரியான் தொடக்கூடாது. வேண்டியாச்சு."

"யாரக் கேட்டு வேண்டுன?"

"சாமியக் கேட்டுத்தான்."

பக்கிரிசாமி மறுநாளிலிருந்து வேலை விட்டு வரும்போது பழக்கடை இருக்கும் சாலையை விட்டுச் சுற்றுவழியில் வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, "கால் அசையுதாமா?"

புஷ்பவல்லி ஒரு வாட்ஸாப் குழு தொடங்கினாள். முதல் நாளே அறுபது பேர். மாலை ஏழு மணிக்கு எல்லாரும் அவரவர் வீட்டில் விளக்கேற்ற வேண்டும், ஏற்றிய விளக்கைப் படம் எடுத்துப் போட வேண்டும். போடாதவர்களின் பெயர் ஏழரைக்கு வரும். காப்பிக்கடை சீன அங்கிளிடம் சொல்லி அவருடைய சாமிக்கும் ஊதுபத்தி வைக்கச் செய்தாள். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்கார அக்கா தானாகவே வந்து, தொழுகையில் பிள்ளைக்காகக் கேட்டதாகச் சொன்னபோது, "எத்தன தடவ?" என்று விசாரித்துக்கொண்டாள்.

அவளுக்கு ஈடுகொடுத்தவர் ஒருவர்தான். தெருமுனையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை குணபூசணி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் கூடிப் பாடும்போது நடுவில் நிறுத்துவார்.

"புஷ்பவல்லி, அது 'ல' இல்லை, 'ழ'. அம்மனுக்கு விளங்க வேணுமெல்லோ?"

"டீச்சர், இவ்ளோ வருஷமா நான் பாடுனது அம்மனுக்கு வெளங்கிச்சு லா. ஒங்களுக்குத்தான் வெளங்கல."

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் போகலாம். மாதவி பிஸ்கட் தொழிற்சாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு மகள் பக்கத்திலேயே கிடந்தாள். இரண்டாவது ஆளாகப் பெரும்பாலும் புஷ்பவல்லி. திருநீறு பூசக்கூடாது என்று தாதி கண்டிப்பாகச் சொன்னதும் அவளுடன் அரை மணி நேரம் பேரம் பேசினாள். கடைசியில், பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிடலாம் என்று தாதி இறங்கிவந்தாள். ஒரு பைக்குத்தான் அவள் அனுமதி கொடுத்தாள். வாரக் கடைசியில் ஏழு பை தொங்கின. கட்டிலைத் தள்ளும்போதெல்லாம் அவை ஆடின.

ஒன்பதாம் நாள் ஷாமினி கண் திறந்தாள். தொண்டைக் குழாயை எடுத்து இரண்டு நாள் ஆகியும் பேச்சு வரவில்லை. டாக்டர் பொறுக்கச் சொன்னார். புஷ்பவல்லியா பொறுப்பாள்? படுக்கை அருகே நின்று தெரிந்த பாட்டையெல்லாம் பாடினாள். மூன்றாம் நாள் மாலை, பாட்டு உச்சத்தில் இருந்தபோது ஷாமினியின் உதடு அசைந்தது. மாதவி குனிந்து காதை வைத்தாள்.

"ஆன்டி... சத்தம்... போதும் லா."

மாதவி அழுதாள். புஷ்பவல்லியும் அழுதாள், ஆனால் சத்தமில்லாமல். அம்மன் பிள்ளையைப் பேச வைத்துவிட்டாள் என்று குழுவுக்குச் செய்தி போயிற்று. பிள்ளை என்ன பேசியது என்பது மட்டும் போகவில்லை.

ஆகஸ்டில் ஷாமினி வீட்டுக்கு வந்தாள். தொடைக்குள் கம்பி, கையில் ஊன்றுகோல், தலையில் தையல் போட்ட இடத்தைச் சுற்றிப் புல்லாக முளைத்த முடி. வார்த்தைகள் சில நேரம் தேடித்தான் கிடைத்தன. வீட்டுக்குள் நாலு எட்டு தானாக எடுத்து வைத்த ஞாயிற்றுக்கிழமை, புஷ்பவல்லி நேர்த்திக்கடன் பட்டியலோடு வந்தாள். குணபூசணியும் கூட வந்திருந்தார். ரெங்கசாமி ஏற்கெனவே மீசையை எடுத்துவிட்டிருந்தார். வேலையிடத்தில் புது காவலாளி என்று நினைத்து ஒருவன் அவரிடமே ரெங்கசாமி எங்கே என்று கேட்டானாம்.

"அடுத்தது மொட்ட. வர்ற வெள்ளி, ஷாமினிக்கு."

ஷாமினி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில ஏற்கனவே எடுத்தாச்சு ஆன்டி!"

"அது டாக்டருக்குக் குடுத்தது. சாமிக்கு வேற."

மாதவி அதுவரை புஷ்பவல்லியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது எழுந்து மகளின் பக்கத்தில் போய் நின்றாள். "வேணாம்க்கா. அந்தத் தலையில இனிமே கத்தி படக்கூடாது. சாமி குத்தம் வந்தா எனக்கு வரட்டும்."

புஷ்பவல்லி பதில் சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"ரெண்டு நிமிஷம் மாதவி. அன்னிக்கு ரெண்டு நிமிஷம் நின்னிருந்தா புள்ள என் வேன்லதான் போயிருக்கும். நான் நிக்கல."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு மாதமாக எல்லாக் கோயிலிலும் சொன்னதை வீட்டு மனிதர்களிடம் அன்றுதான் சொன்னாள். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ரெங்கசாமி இல்லாத மீசையைத் தடவினார்.

ஷாமினிதான் மெல்லச் சொன்னாள். "ஆன்டி... நீங்க பத்து நிமிஷம் நின்னாலும் நான் வந்திருக்க மாட்டேன்."

"என்ன சொல்ற?"

"கேட் பக்கத்துல... ஒளிஞ்சிருந்தேன். பிரவின் புது மோட்டார் வாங்கியிருந்தான். அதுல போகணும்னு ஆச. வேன் போனப்புறந்தான் வெளிய வந்தேன்."

மாதவியின் முகம் மாறியது. மகள் கண் திறந்த நாள் முதல் அவளை ஒரு அதட்டுகூட அதட்டாத தாய், அன்று இரண்டு மாத பாக்கியையும் சேர்த்து அதட்டித் தீர்த்தாள். ஹெல்மெட் வாரிலிருந்து ஆரம்பித்துப் பிரவினின் பரம்பரை வரை போனாள். ஷாமினி தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். முந்தானையை விலக்கிய புஷ்பவல்லி, "விடு மாதவி, புள்ளைக்குத் தல வலிக்கும்" என்று குறுக்கே விழுந்தாள். அவள் குரல் பழையபடி வேனுக்குள் கேட்கிற குரலாகிவிட்டிருந்தது.

மொட்டை விவகாரம் மட்டும் அப்படியே நின்றது. குணபூசணிதான் கேட்டார். "நீங்கள் வேண்டிக்கொள்ளேக்க என்ன சொன்னனீங்கள்? சரியான வசனத்தைச் சொல்லுங்கோ."

"புள்ள நடந்துட்டா முடி காணிக்கை குடுக்கறோம்னு சொன்னேன்."

"குடுக்கிறோம். தன்மைப் பன்மை. சொன்ன ஆளும் அதுக்குள்ளதான். பிள்ளையைத்தான் மொட்டை அடிக்க வேணுமெண்டு அதில எங்க இருக்கு?"

புஷ்பவல்லி அவரை முறைத்தாள். அவளுடைய கூந்தல் இடுப்பு வரை இருக்கும், நரை கூட ஓரத்தில்தான். வாரம் இருமுறை எண்ணெய் வைத்துத் தலை முழுகுவது அவள் தனக்கென்று செய்துகொள்ளும் ஒரே காரியம். பின்னலை முன்னால் எடுத்து மடியில் போட்டுப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "வார்த்த குடுத்தது நான்தானே."

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் அந்தப் பின்னல் விழுந்தது. விளக்கேற்றிப் படம் போட்ட அறுபது பேரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். ஷாமினி ஊன்றுகோலுடன் சன்னதி வரை தானே நடந்தாள். பிரவின் பின்னாலேயே வந்தான், யார் கண்ணையும் பார்க்காமல். புஷ்பவல்லி அவனைக் கூப்பிட்டுத் தேங்காய் உடைக்கச் சொன்னாள்.

குளித்துச் சந்தனம் பூசிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது பக்கிரிசாமி மரத்தடியில் நின்றிருந்தார். மனைவியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"இல்ல... ஒனக்கும் ரெண்டு காது இருக்கு. முப்பது வருஷமா தெரியாமப் போச்சு."

பக்கத்திலிருந்த ஷாமினிக்குச் சிரிப்பு பீறிட்டது. இடுப்பு வலிக்க, ஒரு கையால் ஊன்றுகோலையும் மறு கையால் புஷ்பவல்லியின் தோளையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புஷ்பவல்லி அவள் விழுந்துவிடாதபடி இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சிரித்து முடிக்கட்டும் என்று நின்றாள்.