மெட்டு இறக்கத்தில் நியூட்ரல்

ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை மகளை அழைத்துவரப் போனோம். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்பன்மார் வண்டிகளுக்காகக் கம்பம்மெட்டுச் சாலையை ஒருவழியாக்கிவிடுவார்கள். அந்த வழியே ஏறலாம், இறங்குவதற்குக் குமுளி சுற்ற வேண்டும். மகளுக்கு ஏழாம் மாதம். அலைச்சல் வேண்டாமென்று பஞ்சாங்கமும் காலண்டரும் பார்த்து நான்தான் அந்த நாளைக் குறித்தேன்.

நெடுங்கண்டத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் மருமகன், பஸ்ஸில் குலுங்க வேண்டாம் என்று தன் புதுக் காரைக் கொடுத்தார். கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். என் கணவருக்கு அப்படியொரு வண்டி புதிது. ஆனால் மெட்டு, அந்த மலைக் கணவாய்ச் சாலை, அவருக்குப் புதிதல்ல. பாதி ஆயுசு அதே சாலையில் தோட்டக் கூலியாட்களை ஏற்றி ஜீப் ஓட்டியவர்.

அந்த ஜீப்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உச்சியில் செக்போஸ்டைத் தாண்டியதும் எஞ்சினை அணைத்து, கியரை விடுவித்து நியூட்ரலில் போட்டு, அடிவாரம்வரை உருட்டிவிடுவார்கள். சொட்டு டீசல் செலவில்லை. யார் வண்டி கம்பம் ஊருக்குள் எதுவரை உருண்டு வந்தது என்று டீக்கடையில் பேச்சு நடக்கும். என் கணவரின் பெயர் அந்தப் பேச்சில் அடிக்கடி வரும்.

மகள் பின்சீட்டில் சாய்ந்துகொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்து, டேஷ்போர்டுக்குள் இருந்த விளக்கப் புத்தகத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். எது கையில் கிடைத்தாலும் முதல் பக்கத்திலிருந்து படிப்பது என் பழக்கம்.

சமமான ஓர் இடத்தில் அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கியது. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் பூஜ்ஜியத்துக்கு விழுந்தது. வண்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முகம் வெளுத்தது. நான் அதற்கான பக்கத்தைத் தேடிப் படித்துச் சொன்னேன். சிக்கன முறையில் காலை எடுத்தால் வண்டி எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடியை விட்டுவிடும், எஞ்சினையும் அணைத்துவிடும், இருக்கிற வேகத்திலேயே உருளும், பெடலைத் தொட்டதும் பிடி திரும்பிவிடும்.

அவர் சிரித்துவிட்டார். "பாத்தியாத்தா, நாங்க அன்னைக்குச் செஞ்சத இப்பக் கம்பெனிக்காரனே செஞ்சு விக்கிறான். எங்களத்தான் போலீசு பிடிச்சாக."

மகளும் சிரித்தாள். அந்தப் பயணத்தில் நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

கம்பம்மெட்டு தாண்டி இறக்கம் தொடங்கியது. மூடுபனி. இப்போது காலை எடுத்தால் எஞ்சின் அடங்கவில்லை, உறுமியது. அவருக்கு எரிச்சல் வந்தது. சமதளத்தில் மிச்சம் பிடிக்கிற வண்டி இறக்கத்தில் எண்ணெயைக் குடிக்கிறதே என்றார். நான் அடுத்த பத்தியைப் படித்தேன். செங்குத்தான இறக்கத்தில் வண்டி வேண்டுமென்றேதான் பிடியை விடுவதில்லை. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, எஞ்சினுக்கு எண்ணெயே போவதில்லை, அந்த இழுவை வேகத்தையும் கட்டுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் ஓட எண்ணெய் வேண்டும்.

"சத்தம் வருதுல்ல? சத்தம் வந்தா குடிக்குதுன்னு அர்த்தம்" என்று லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினார்.

உறுமல் நின்றது. கார் இலகுவாக முன்னே நழுவியது. முதல் வளைவுகளை அவர் பழைய லாகவத்தோடு திருப்பினார். பிரேக்கில் கால் வைத்து வைத்து எடுத்தார். பிறகு வைத்த காலை எடுக்கவில்லை.

"ஏப்பா, என்னமோ கருகுற வாடை வருது" என்றாள் மகள்.

முன்னால் போகிற லாரி என்றார். முன்னால் லாரி எதுவும் இல்லை. அவர் முழங்காலைப் பார்த்தேன். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போயிருந்தது. பனி விலகிய இடத்தில் கீழே திராட்சைப் பந்தல்கள் பச்சைப் பாய்களாகத் தெரிந்தன. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு கைப்பிடிச் சுவர்தான்.

அவர் என் பக்கம் திரும்பாமல், மகளுக்குக் கேட்கக்கூடாதென்று மெல்லச் சொன்னார். "பிரேக்கு பிடிக்கல."

கியரில் போடுங்கள் என்றேன்.

"இந்த ஓட்டத்துல விழாதுத்தா. கியர் பெட்டி நொறுங்கிரும்."

ஜீப்பில் அப்படித்தான். வேகம் பிடித்த பிறகு கியர் விழாது. விழாமல் பாறையில் போய் மோதிய வண்டியை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். புத்தகம் இறக்கத்தில் நியூட்ரல் கூடாது என்றது. போட்டுவிட்டால் ஓட்டத்தில் திரும்பக் கியருக்குக் கொண்டுவரலாமா என்று நான் படித்தவரை இல்லை. சக்கரம் இறுகி வண்டி சுழன்றால்? கண்ணாடியில் மகள் தெரிந்தாள். இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அவர் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. லீவரை நான் பிடித்து இழுத்தேன்.

எதுவும் நடக்கவில்லை. அந்த நொடியில் எல்லோரையும் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு எஞ்சின் பெரிதாக உறுமியது, முள் மேலே ஏறியது, பெல்ட் நெஞ்சை அழுத்தியது. வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டது. அவர் லீவரைப் பக்கவாட்டில் தட்டி இன்னும் குறைந்த கியருக்கு இறக்கினார். வேகம் தணிந்ததும் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்க, அகலமான ஒரு திருப்பத்தில் மலையை ஒட்டி வண்டி நின்றது.

சக்கரங்களிலிருந்து புகை வந்தது. ஜீப் ஞாபகத்தில் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் பாட்டிலை எடுத்தவர், ஊற்றாமல் கையிலேயே வைத்திருந்தார். மகள் இறங்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லையென்று தலையை ஆட்டினாள். உள்ளே அசைவே இல்லை என்றாள். நான் அவள் வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். பஸ் ஒன்று கடந்துபோனது. பனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. அவர் வெளியே நின்று எங்களைப் பார்த்தார், கேட்கத் தைரியமில்லாமல்.

ரொம்ப நேரம் கழித்து என் உள்ளங்கையில் ஒரு முட்டு. அவள் அழுதாள். நான் வெளியே பார்த்துத் தலையசைத்தேன். அவர் அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பிரேக் ஆறிய பிறகு மெதுவாக, உறுமலோடு இறங்கினோம். கம்பம் தாண்டி உத்தமபாளையம் சாலை, இருபுறமும் தென்னந்தோப்பு, சமமான தார் ரோடு. எதிரே மாட்டுக்கூட்டம் வந்தது. அவர் காலை எடுத்தார். எஞ்சின் அடங்கியது. முள் பூஜ்ஜியத்துக்கு விழுந்தது. வண்டி செய்யவேண்டியதைத்தான் செய்தது; எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். மகள் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

அவர் உடனே ஆக்சிலேட்டரை மிதித்துச் சத்தத்தை வரவழைத்தார்.

"ஏத்தா, எஞ்சினு தானா அணையிறது எங்கன அமுக்கினா நிக்கும்னு புத்தகத்துல பாரு."

நான் பக்கத்தைத் தேடிப் பொத்தானை அமுக்கினேன். வீடு வரைக்கும் எஞ்சின் ஓடிக்கொண்டே வந்தது. வாசலில் வண்டியை அணைக்க வேண்டியிருந்தபோது, மகளும் நானும் இறங்கி வீட்டுக்குள் போகும்வரை அவர் காத்திருந்தார்.