நடந்து வந்த விளக்கு

அறுபதுகளில், பழைய ஸ்டவ், விளக்கு சேர்க்கும் பைத்தியங்கள் நாங்கள் சிலர், வருஷத்துக்கொரு சனி ஞாயிறு ஆயக்குடி கொய்யாத் தோப்பில் கூடாரம் போடுவோம். திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்த பாய் ஒருவரும் வருவார். குட்டை மனிதர், வெற்றிலைச் சிவப்பு உதடு. ரயிலில் பழநி வந்து, அங்கிருந்து பெட்ரோமாக்ஸை நெஞ்சோடு ஏந்தி நடந்தே வருவார். ஏற்றமட்டும் மாட்டார்.

“பஸ்ஸுல வரலாமே, பாய்?” என்றேன்.

“இந்த ரோட்டுல குலுக்கிப்புடும் அப்பு. உள்ள கட்டுற மேண்டில் வலை ஒருக்கா எரிஞ்சா வெறும் சாம்பல்தானே, தொட்டாலே உதிரும். எம் பொஞ்சாதி மவுத்தாகறதுக்கு முன்னாடி அவ கையால கட்டுனது.”

ஒரு வருஷம் அவர் விளக்கில் மேண்டில் இல்லை. உதிர்ந்துவிட்டிருந்தது; புதிது கட்டவுமில்லை. அப்படியும் அதை நெஞ்சோடு ஏந்தி, பழநியிலிருந்து மெதுவாக நடந்தேதான் வந்திருந்தார்.